ஈயக்குட்டையின் முதல் கால்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் முழங்காலைச் சரிசெய்து அனுப்பும் இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு மாதம் முன்னால் பாசாரில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வாரம் ஒருமுறை அங்கே போய் வருகிறேன். விழுந்தபோதும் கையிலிருந்த மீன் பையை விடவில்லை என்பதை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். அந்த வாரம் முழுக்க எனக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான்.

அங்கே வேலை செய்யும் பெண், காலாகாலத்தில் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் என் மகள் வயது இருப்பாள். முழங்காலில் தைலம் தேய்த்து, கணுக்காலில் கறுப்புப் பட்டை ஒன்றைக் கட்டிவிட்டு, "ஆன்டி, எப்பவும் நடக்கிற மாதிரி அந்தக் கோடி வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றாள். போய் வந்தேன். கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"நிமிஷத்துக்குத் தொண்ணூத்தி ஆறு ஸ்டெப் ஆன்டி."

"இருக்காதும்மா. என் காலு நூத்திப் பன்னெண்டு."

"யாரு சொன்னா?"

யார் சொன்னது என்று அவளிடம் எங்கே தொடங்கிச் சொல்வது? அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார். உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கு நேரம் இருக்கும்.

அந்தத் தைல வாசனைதான் முதலில் என்னைப் பிடித்து இழுத்தது. குமரேசன் அண்ணன் உருமியைத் தோளில் மாட்டுவதற்கு முன் இரண்டு மணிக்கட்டிலும் இதே தைலத்தைத்தான் தேய்த்துக்கொள்வார். வாரத்தில் ஆறு நாள் ஏர்கோன் ரிப்பேர் செய்யும் கை அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் உருமிக்கு. அவரும், கீபோர்டு வாசிக்கும் அமுதாவும், பேஸ் கித்தார் வாசிக்கும் லிம்மும் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். அமுதா பாலர் பள்ளி ஆசிரியை. லிம் ஸ்ரீ கெம்பாங்கானில் வீட்டு மரச்சாமான் செய்யும் குடும்பத்துப் பையன், தமிழில் 'சாப்பிட்டாச்சா' மட்டும் தெரியும், அதை எந்த நேரத்திலும் கேட்பான். குழுவுக்குப் பெயர் ஈயக்குட்டை. ஈயம் தோண்டித் தண்ணீர் நின்றுபோன பழைய குட்டை ஒன்று லிம் வீட்டுக்குப் பின்னால் இருந்ததாம். அதன் கரையில் உட்கார்ந்துதான் மூவரும் முதன்முதலாக வாசித்தார்களாம்.

அப்போது எனக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஏற்றுமதிப் பிரிவில் கிளார்க். எந்தக் கொள்கலன் எந்தக் கப்பலுக்கு என்று நாள் முழுக்கத் தட்டச்சு செய்துகொண்டிருப்பேன். நான் சொல்லி எந்தக் கப்பலும் ஐந்து நிமிடம் முன்னாலோ பின்னாலோ கிளம்பியதில்லை. பக்கத்து மேசை புஷ்பாதான் ஒரு ஞாயிறு என்னைக் கிள்ளானில் ஒரு துணிக்கடை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "டான்ஸ் பேண்ட், சும்மா வா லா" என்றாள். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, நாற்காலி இருக்கும், மேடை இருக்கும், நடுவில் குடிக்க ஏதாவது தருவார்கள் என்று போனேன்.

நாற்காலியும் இல்லை, மேடையும் இல்லை. கூடத்துக்கு நடுவில் பாய் விரித்து அதன்மேல் அவர்கள் மூவரும். சுற்றி நாங்கள் முப்பது பேர், வெறுங்காலோடு. அமுதா கீபோர்டில் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள். பழைய குளிர்ப்பெட்டி போல ஒரு முனகல். குமரேசன் அண்ணன் உருமியோடு தலையைக் குனிந்து நின்றார். எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை, கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதுதான் அவர்கள் வழக்கம். கூட்டத்தில் யாராவது ஒருவர் முதலில் ஆடவேண்டும். அந்தக் காலின் வேகத்தை எடுத்துக்கொண்டுதான் உருமி தொடங்கும். அமுதா பக்கத்தில் ஒரு தாளப் பெட்டி இருக்கும், எண் காட்டும் கண்ணாடி எப்போதோ உடைந்துபோன பழைய பெட்டி. உருமியைக் கேட்டு அதை விரலால் நாலு தட்டு தட்டினால் அதுவும் அதே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு லிம். ஒருநாள் போல ஒருநாள் இருக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. "ஸ்பீட நாங்க முடிவு பண்ணா அது கச்சேரி. நீங்க முடிவு பண்ணாத்தான் அது ஆட்டம்" என்பார் குமரேசன் அண்ணன்.

சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஆட்களைப் பற்றித் தெரியுமல்லவா? கல்யாண வீட்டில் ஒருவன் தொடங்கிவிட்டால் பந்தியில் இருப்பவர்கள்கூட எழுந்து வந்து ஆடுவார்கள். முதல் ஆளாக மட்டும் ஒருத்தரும் வரமாட்டார்கள். அன்றைக்கும் அப்படித்தான். முனகல் நீண்டுகொண்டே போனது. மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பதில்தான் எல்லோருக்கும் கவனம். நான் ரொம்ப நேரம் ஒரே காலில் சாய்ந்து நின்றதில் இடது கால் மரத்துப்போய்விட்டது. எறும்பு ஊர்வது போல இருக்கவே, உதறினேன்.

டும் என்றது உருமி.

நான் திடுக்கிட்டு நிறுத்தினேன். உருமியும் நின்றது. மறுபடி உதறினேன், மறுபடி அடித்தார். இப்படியாக, மரத்துப்போன ஒரு காலை உதறிய வேகத்தில் அன்றைய ஆட்டம் முழுவதும் நடந்தது. புஷ்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முப்பது பேர் என் கால் வேகத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாரும் என்னைக் கேட்டு எதையும் செய்ததில்லை. அழுகை வந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? வியர்வையோடு வியர்வையாகத் துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு புஷ்பா வரவில்லை. அவளுக்குத் தலை வலித்ததாம். நான் ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து, பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் வாசிக்கும் இன்னொரு மாடிக்குப் போவேன். கீழே பூக்கடை, பக்கத்தில் வடை சுடும் எண்ணெய், மேலே ஏறினால் தைலம். படியேறும்போது இந்த மூன்று வாசனையும் வரிசையாக வரும். ஸ்ரீ கெம்பாங்கானில் லிம் அப்பாவின் மரக்கிடங்கு. அங்கே மரத்தூளும் பசையும் மணக்கும், வீட்டுக்கு வந்து தலை சீவினால் சீப்பில் மரத்தூள் இருக்கும். எங்கே நடந்தாலும் நான்தான் முதலில் போவேன். குமரேசன் அண்ணனுக்கு வலப்பக்கம் என் இடம். முனகல் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் என் கால் எழுந்துவிடும். பாவம், அவர்கள் காத்துக்கொண்டு நிற்கிறார்களே என்று ஒரு பதைப்பு. நான் இல்லையென்றால் இவர்கள் கதி என்ன ஆகும் என்று ஒரு கர்வமும்தான், மறைப்பானேன்.

"வந்துட்டியா தங்கச்சி? அப்ப ஓகே லா" என்பார் குமரேசன் அண்ணன். இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு எங்கேயும் போகவில்லை. சொந்தச் சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்குக்கூடப் போகவில்லை. சித்தி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.

ஒருநாள் பிரிக்பீல்ட்ஸ் ஆட்டம் முடிந்து சாயங்காலம் கீழே கடையில் நுரைக்க ஆற்றிய டீ, தே தாரே, குடித்துக்கொண்டிருந்தோம். அமுதா மேசைமேல் இரண்டு போனை வைத்தாள். ஒன்று அவளுடையது, ஒன்று லிம்முடையது. "அக்கா, ஒண்ணு கேளுங்க" என்றாள். ஒன்றில் கிள்ளானில் வாசித்ததன் பதிவு. இன்னொன்றில் ஏழெட்டு மாதம் கழித்து இங்கே வாசித்தது. இரண்டையும் ஒரே அடியில் ஒன்றாகத் தொடங்கிவிட்டாள். கேட்டோம். என் தே தாரே ஆறி ஆடை கட்டியது. இரண்டு உருமியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகவே இல்லை.

"எல்லாத்தையும் எண்ணிப் பாத்தேன்க்கா. நீங்க மொதல்ல ஆடுன ஒவ்வொரு ஷோவும் நிமிஷத்துக்கு நூத்திப் பன்னெண்டு. கொஞ்சங்கூட மாறல."

"அப்படின்னா நல்லதுதானே?" என்றேன். நிஜமாகவே எனக்குப் புரியவில்லை.

அமுதா குமரேசன் அண்ணனைப் பார்த்தாள். அவர் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம் தங்கச்சி" என்றார். "ரெண்டு வருசமா ஒரே நாளைத்தான் வாசிச்சிருக்கோம். தப்பு உன்மேல இல்ல. நீ எப்ப ஆடுவேன்னு நான்தான் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். மத்த காலயெல்லாம் பாக்கறதயே விட்டுட்டேன்."

"அடுத்த ஷோவுக்கு வாங்கக்கா. கண்டிப்பா வரணும்" என்றாள் அமுதா. "ஆனா மொதல்ல ஆடாதீங்க."

லிம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டாச்சா?" என்றான்.

சரி லா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கொமுட்டரில் கிள்ளான் வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். கோபம் கோபமாக வந்தது. நான் ஆடாவிட்டால் ஒரு பயலும் ஆடமாட்டான், அப்போது தெரியும் என் அருமை என்று கறுவினேன். ஷா ஆலாம் தாண்டிய பிறகுதான் ஒன்று உறைத்தது. ஒரு பயலும் ஆடாமல் போனதற்கும் நானே காரணமாக இருக்கலாம். நான் யாருக்காவது இடம் கொடுத்தால்தானே?

அடுத்தது மரக்கிடங்கில். போகக் கூடாது என்று சனிக்கிழமை வரை இருந்தேன், ஞாயிறு போய்விட்டேன். அமுதா கட்டையை அழுத்தினாள். முனகல் தொடங்கியது. குமரேசன் அண்ணன் தலையைக் குனிந்தார். அப்புறம் நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. கூட்டம் மொத்தமும் திரும்பி என் காலைப் பார்த்தது. ஒரு அக்கா முழங்கையால் இடித்து, "என்ன மா, போ" என்றார். எனக்குக் கால் துறுதுறுவென்றது. நின்றால் ஆடிவிடுவேன் என்று பயந்து, மரத்தூளில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தகரக் கூரையில் வெயில் காய்ந்தது. இரண்டு பேர் தண்ணீர் குடிக்கப் போவதுபோலப் போய்த் திரும்பி வரவில்லை. குமரேசன் அண்ணன் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. அவர் நிமிரவில்லை. இன்றோடு இந்தக் குழு கலைந்துவிடும், நானே கலைத்தவள் ஆகிவிடுவேன் என்று நினைத்தபடி மரத்தூளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

அப்போது கிடங்கின் பின்கதவு திறந்தது. அங்கேயே தங்கி வேலை செய்யும் ஒருவர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர், பெயர் செல்வம் என்று பிறகு தெரிந்தது. லுங்கி, தோளில் துண்டு, கையில் காலிப் போத்தல். எதிர்ச்சுவரில் இருந்த குழாய்க்குப் போக எங்கள் நடுவில்தான் வழி. ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. ஒரு காலை டக்கென்று வைத்து, இன்னொன்றைச் சர்ரென்று இழுத்துக்கொண்டு நடந்தார்.

உருமிக்கு அடிக்கும் முகம் ஒன்று, தேய்க்கும் முகம் ஒன்று. குமரேசன் அண்ணன் ஒன்றை அடித்தார், ஒன்றைத் தேய்த்தார்.

செல்வம் நின்றார். உருமியும் நின்றது. ஒரு அடி வைத்தார். டும். செருப்பை இழுத்தார். சர்ர். "என்னண்ணே, என்னையப் பாத்தா அடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, வேண்டுமென்றே கிடங்குக்குள் சுற்றி வந்தார். பின்னாலேயே இரண்டு பேர், அப்புறம் பத்துப் பேர். அந்த நடையைத் தாளப் பெட்டியால் எண்ண முடியவில்லை. அமுதா அதை அணைத்துவிட்டு வெறும் கையால் வாசித்தாள். லிம் கண்ணை மூடிக்கொண்டான். அப்படி ஒரு சத்தத்தை அவர்கள் அதுவரை வாசித்ததே இல்லை. நான்தான் எல்லாவற்றையும் கேட்டவள், எனக்குத் தெரியாதா?

எனக்கு வயிறு எரிந்தது. அதே நேரம் சந்தோஷமாகவும் இருந்தது, இரண்டும் ஒன்றாக எப்படி வரும் என்று கேட்காதீர்கள். எழுந்து நானும் ஆடப் பார்த்தேன். வரவில்லை. என் கால் அதன் பாட்டுக்கு நூற்றிப் பன்னிரண்டில் ஓடியது. இந்த நடைக்குள் அதை நுழைக்கவே முடியவில்லை. மூன்று பேர் காலை மிதித்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

முடிந்ததும் குமரேசன் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மணிக்கட்டில் தைலம் தேய்த்தார். "உக்காந்துட்ட பாரு" என்றார். "நான் கூட உக்காந்திருக்க மாட்டேன்." அதற்குப் பிறகு ஒரு வருடம் போல வாசித்தார்கள், ஒவ்வொன்றும் வேறுவேறாக இருந்தது. நான் எல்லாவற்றுக்கும் போனேன், சுவரோரமாக.

பிறகு எல்லாம் சாதாரணமாகத்தான் முடிந்தது. அமுதா கல்யாணமாகி ஜொகூர் போனாள். லிம் ஆஸ்திரேலியா. குமரேசன் அண்ணனுக்கு மணிக்கட்டில் ஆபரேஷன், உருமியைப் பிடிக்கக் கூடாது என்றுவிட்டார்கள். போன வருடம் அவரும் போய்ச் சேர்ந்தார். துணிக்கடை மாடியில் இப்போது டியூஷன் சென்டர், மரக்கிடங்கு இருந்த இடத்தில் அடுக்குமாடி. பதிவுகள் இருந்த இரண்டு போன்களில் ஒன்று தண்ணீரில் விழுந்தது, இன்னொன்று என்ன ஆனது என்று லிம்முக்கே தெரியவில்லை. செருப்பு நடையை யாரும் பதிவு செய்யவே இல்லை. நூற்றிப் பன்னிரண்டு மட்டும் என் காலில் இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், விழுகிறவரைக்கும்.

போன வாரம் அந்தப் பெண் மறுபடி பட்டையைக் கட்டி நடக்கவிட்டாள். "ஆன்டி, வலது கால டக்குனு வைக்கிறீங்க. இடது கால இழுக்கிறீங்க. கேக்குதா? கவலைப்படாதீங்க, நாலு வாரத்துல சரி பண்ணிடலாம்."

கேட்டது. நின்று, மறுபடி ஒரு அடி வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு மரத்தூளில் எவ்வளவு முயன்றும் வராத நடை, பிசகாமல் வந்தது.

"இன்னும் ஒரு வாட்டி நடந்துக்கிறேன்மா" என்றேன்.

அந்தக் கோடிக்குப் போய் இந்தக் கோடிக்குத் திரும்பி வந்தேன். தைல வாசனை இருந்தது. அந்தப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைக் குனிந்து என் காலைப் பார்க்கத்தான் ஆள் இல்லை.