லென்ஸ் மிஸ்ஸின் வீட்டுப்பாடம்

இருபத்திரண்டு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்துப் பழம் தின்று கொட்டை போட்டவர் லென்ஸ் மிஸ். அப்பா போட வேண்டிய கையெழுத்தை அண்ணனையோ அக்காவையோ விட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். பெயர் வந்தது அப்படித்தான். மாட்டிய பிள்ளை மறுநாள் பெற்றவர்களோடு வர வேண்டும். ஆறு வயதுதானே என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

அந்தப் பள்ளிக்குள் இந்த வருடம் ஃபோனிக்ஸ் நுழைந்தது. எழுத்தின் பெயரை ஒப்பித்தது போதும், இனி ஒலியைப் பிடித்துத்தான் வாசிக்கச் சொல்லித்தர வேண்டும் என்று முடிவானது. ஆசிரியைகளுக்கே பாடம் நடத்த ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். ஆறு வாரம் பயிற்சி. தேறாதவருக்கு வகுப்பு கிடையாது, பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைதான். லென்ஸ் மிஸ்ஸுக்கு பஸ் என்றாலே குமட்டும். குமட்டலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மானம் போனால் வருமா?

பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் முகவாயை இடிக்க உட்கார்ந்தார்கள்.

"'கிட்'டுக்குக் கடைசில ஒரு ஈ போட்டா 'கைட்'. அந்த ஈ வாயே திறக்காது. முன்னாடி இருக்கிற ஐயைத் தன் பேரைச் சொல்ல வெச்சிடும்," என்றாள் பயிற்சிக்காரி.

"எங்க மாமியாரேதான்," என்றார் இரண்டாம் வகுப்பு மிஸ். "மூலைல உக்காந்து வாயே திறக்க மாட்டாங்க. கத்துறது பூரா எங்க வீட்டுக்காரர்."

பெஞ்சே குலுங்கியது. லென்ஸ் மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம மொழில குறிலுக்கு ஒரு எழுத்து, நெடிலுக்கு ஒரு எழுத்து. முடிஞ்சுது ஜோலி. இங்க ஒரே சத்தத்துக்கு எத்தனை வேஷம்மா? கேக்குல ஒண்ணு, ரெயின்ல ஒண்ணு, டேல ஒண்ணு!"

"நடுவுல வந்தா ஏ-ஐ, கடைசில வந்தா ஏ-ஒய். பழகிடும் மேடம். தினம் ஒரு பக்கம் எழுதுங்க. அதைச் சத்தமா வாசிச்சுக் காட்டி, வீட்ல ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

வீட்டில் கணவருக்குச் சாயங்கால ஷிஃப்ட். மிச்சம் இருந்தது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். அவள் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு நோட்டை வாங்கினாள்.

"'கோட்'டுல வர்ற ஓவை நீட்டு. இன்னும் நீட்டு. சரியில்ல, முதல்லேருந்து வா."

நான்கு முறை வாசிக்கவைத்துவிட்டு, கையெழுத்துக்கு மேலே 'கவனக் குறைவு' என்று எழுதினாள்.

"பெத்த தாய்கிட்ட இப்படியாடி?"

"ஒண்ணாம் கிளாஸ்ல நான் உன்கிட்டதானே படிச்சேன்? அம்மான்னு கூப்பிட்டதுக்கு பெஞ்சு மேல ஏத்தினியே!"

மூன்றாம் வாரம் லென்ஸ் மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. எழுதினார், மகளிடம் போகாமல் தாமே கையெழுத்தையும் போட்டுவிட்டார். சுழி, வளைவு எல்லாம் அச்சு அசல். இத்தனை வருடம் பிடித்தவருக்குப் போடத் தெரியாதா?

மறுநாள் பயிற்சிக்காரி நோட்டைப் பிரித்தவள் அப்படியே நின்றாள். எழுதி முடித்த பக்கத்தைப் பார்த்ததும் லென்ஸ் மிஸ்ஸின் கை தன்பாட்டுக்கு வேலை செய்திருந்தது. வரிக்கு வரி டிக், கீழே 'வெரி குட்', பத்துக்குப் பத்து, அதன் அடியில் மகள் கையெழுத்து. எல்லாமே சிவப்பு மையில்.

"பொண்ணு திடீர்னு தாராளமாயிட்டாங்களே மேடம்?"

லென்ஸ் மிஸ் அசடு வழிந்தார். பயிற்சிக்காரி குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கு வீட்லேருந்து கூட்டிட்டு வாங்க."

தலைமை ஆசிரியை அறையில் மகளுக்கு நாற்காலி போட்டார்கள். லென்ஸ் மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வீட்ல கவனிக்கிறதில்லையாம்மா?" என்றார் தலைமை ஆசிரியை.

"தினம் உக்கார வெச்சுத்தான் மேடம் படிக்க வெக்கிறேன். மூளை இருக்கு. பொறுமைதான் கிடையாது. ஃபோன் வேற கொஞ்சம் ஜாஸ்தி."

"இவங்கள ஒண்ணாம் கிளாஸ்ல வெச்சுக்கிறதா, பஸ்ஸுக்கு அனுப்புறதா?"

மகள் யோசித்தாள். "இங்கயே வாசிக்கச் சொல்லிப் பாருங்க."

வகுப்பில் வராத பன்னிரண்டு சொற்களைப் பயிற்சிக்காரி எழுதிக் கொடுத்தாள். லென்ஸ் மிஸ் ஒவ்வொன்றாக இழுத்து, நீட்டி, நெற்றி வியர்க்க வாசித்தார். ஏழாவதில் வண்டி நின்றது. பின்னால் போய், நடுவில் இருந்த இரண்டு எழுத்தைப் பார்த்து, மறுபடி வந்து சரியாகச் சொன்னார். கடைசிச் சொல் மட்டும் சொதப்பியது.

"பதினொண்ணு சரி," என்றாள் பயிற்சிக்காரி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"ஒண்ணாம் கிளாஸ் உங்களுக்கே," என்றார் தலைமை ஆசிரியை. "ஆனா பயிற்சி முடியற வரைக்கும் வெள்ளிக்கிழமைதோறும் பொண்ணு வந்து என் முன்னாடி கையெழுத்துப் போடணும்."

"வந்துடறேன் மேடம்," என்று பெரிய மனுஷிபோல் எழுந்தாள் மகள்.

வராந்தாவுக்கு வந்ததும் லென்ஸ் மிஸ்ஸுக்குக் குரல் திரும்பியது. "மூளை இருக்குன்னு சொன்னே, சரி. ஃபோனை எதுக்குடி இழுத்தே?"

எதிரே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். மகள் நிற்கவில்லை.

"வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்."