ஆழ்வார்குறிச்சியில் சிவாவின் முதல் தனிக் கச்சேரி

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நான்கு பேர் மெட்ராஸில் ஒரு ராக் குழு நடத்திக்கொண்டிருந்தோம். நான் டிரம்ஸ். முன்னால் நின்று பாடியவன் சிவா. ஒரு கேசட் கம்பெனி எங்களைப் பதிவுசெய்யச் சம்மதித்த சமயம் பார்த்து, இனிமேல் தனியாகப் பாடப்போவதாகச் சொல்லிவிட்டு அவன் ஊருக்குப் போய்விட்டான். முதல் கச்சேரி ஆழ்வார்குறிச்சி வாசகசாலை ஆண்டு விழாவில். சிவா இல்லாமல் கேசட் இல்லை என்றது கம்பெனி. அவனைக் கூட்டிவர நான் கிளம்பினேன். தை மாதம். அந்தப் பக்கம் போக நல்ல காலம்.

எழும்பூரில் மாலை ஏறினால் காலையில் திருநெல்வேலி. ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் தென்காசி என்ற பலகையைப் பார்த்து ஏறப்போனேன். நடத்துநர் தடுத்தார்.

"எங்க போகணும்?"

"ஆழ்வார்குறிச்சி."

"இது ஆலங்குளம் வழிவே. அம்பை வழி போற வண்டி அங்கன நிக்கு, பாரும்."

அம்பை என்றால் அம்பாசமுத்திரம். தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். இடது ஜன்னல் கிடைத்தால் சேரன்மகாதேவி தாண்டியதும் மலை கூடவே வரும்.

சிவா என்னைக் கடனாநதிக்குக் குளிக்க அழைத்துப்போனான். இடுப்பளவு தண்ணீர். நல்ல குளிர். வந்த விஷயத்தை அங்கேயே சொன்னேன்.

"இந்த கேசட் வந்தா நாலு பேர் வாழ்க்கையும் மாறிடும்டா."

"சாயங்காலம் வந்து கேளுலே. அதுக்குப் பொறவும் நீ கூப்பிட்டா வாரேன்."

எங்கள் மேடையில் சிவா ஒரு நிமிடம் நிற்கமாட்டான். பாடியதெல்லாம் இங்கிலீஷ். இங்கே பள்ளி மைதானத்தில் ஒரு நாற்காலி, ஒரு கிடார், அவனே கட்டிய தமிழ்ப் பாட்டுகள். முதல் பாட்டில் குரல் நடுங்கியது. இரண்டாவது பாட்டின் பாதியில் முன்வரிசையிலிருந்து ஒரு கடைக்காரர் கத்தினார்: "சினிமாப் பாட்டு படியும்வே!" கூட்டம் சிரித்தது.

சிவா கையை நிறுத்தினான். "அண்ணாச்சி, எனக்கு அது நல்லா வராது. இது நான் கட்டுனது. பைய கேளுங்க. பிடிக்கலன்னா எந்திச்சுப் போங்க, வருத்தமில்ல."

பலர் போனார்கள். கடைக்காரர் ஏனோ போகவில்லை.

மூன்றாவது பாட்டு ஒரு தகப்பனைப் பற்றியது. அம்பை பஸ் ஸ்டாண்டில் மகனை வண்டியேற்றிவிட்டார், வண்டி கிளம்பவில்லை, பேச ஒன்றுமில்லாமல் ஜன்னலடியில் நிற்கிறார். இதில் சிவாவின் குரல் நடுங்கவில்லை. வழக்கம்போல என் விரல்கள் முழங்காலில் தாளம் தேடின. எங்கே தட்டினாலும் பாட்டு கெட்டுப்போகும் என்று தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

கைதட்டல் சுமார்தான். கூட்டம் கலைந்ததும் சிவா கிடாரைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "என்னலே, கூப்பிடுதியா?"

"பசிக்குது. சாப்பிடப் போலாம் வா," என்றேன்.

கேசட் வரவில்லை. சில மாதங்களில் குழுவும் கலைந்தது. சிவா இன்றும் சின்னச் சின்ன அரங்குகளில் பாடுகிறான். பெரிய பேர் என்று சொல்ல முடியாது. அன்று கூப்பிட்டிருக்கலாமே என்று மற்ற இருவரும் வெகுநாள் கேட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

போகிறவர்களுக்கு: அம்பை வழியா என்று கேட்டு ஏறுங்கள். ஆற்றில் இறங்குமுன் ஆழத்தை உள்ளூர்க்காரர்களிடம் விசாரியுங்கள். தங்க அம்பாசமுத்திரமே வசதி. திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு அவசியம். நான் இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். இன்னொரு படுக்கையை டிக்கெட் பரிசோதகர் மதுரையில் ஏறிய ஒருவருக்குக் கொடுத்தார். நல்ல மனிதர், குறட்டை விடவில்லை.