வாசிக்காத ஒப்பந்தமும் முளைத்த வெங்காயமும்

1. ஞாயிறு காலை, சரவணையில் யோகா அக்கா வீட்டு விறாந்தையில் வெங்காயச் செய்கையாளர் கூட்டம்.
2. எங்கள் நாடு இந்தியாவுடன் செய்யப்போகும் வர்த்தக ஒப்பந்தத்தை எதிர்த்து மனு அனுப்ப ஏகமனதாக முடிவு.
3. லேப்டொப்போடு போனவள் நான் ஒருத்திதான். ஆகவே, எழுதும் வேலை என் தலையில்.
4. நான் ஒரேயொரு கேள்வி கேட்டேன். கூட்டம் குழம்பிவிட்டது.

"எந்தப் பிரிவை எதிர்க்கிறம்?"

"முழுக்க! எழுதும் பிள்ளை," என்றார் தலைவர் சிவம் அண்ணை.

"வாசிச்சனீங்களோ அண்ணை?"

"ஆர் காட்டினவை, வாசிக்க?"

நியாயம்தான். மென்பொருளில் பிழை பிடிப்பது என் தொழில். பிழை எந்த இடத்தில் என்று குறிக்காவிட்டால் யாரும் திருத்தமாட்டார்கள். ஆனால் பக்கத்தையே காட்டாதவர்களிடம் எந்த இடத்தைச் சொல்வது?

சிவம் அண்ணையின் பயம் எளிமையானது. இறக்குமதித் தீர்வை போனால், நாங்கள் விளைந்ததைக் கிண்டி எடுக்கும் நேரம் பார்த்து இந்திய வெங்காயம் வந்து இறங்கும்.

"அவையளுக்கு அது ஒரு கப்பல். எங்களுக்கு ஒரு போகம்."

யோகா அக்கா விடவில்லை. "அண்ணை, நீங்கள் ஏறி வந்த மோட்டச்சைக்கிள் எங்கை செய்தது?"

ஒரே சிரிப்பு.

"அது இந்த வருசம் விக்காட்டில் வாற வருசம் விக்கலாம். வெங்காயத்தை?" என்றார் அண்ணை.

சிரிப்பு நின்றது.

அக்காவுக்கும் அது பகிடி இல்லை. போன போகத்தில் தெரிந்தெடுத்த விதை வெங்காயம், பிடிபிடியாகக் கட்டி, எங்கள் தலைக்கு மேலே கூரை வளையில் தொங்கியது. கறிக்கு எடுக்க வியாபாரி நல்ல விலை சொல்லியிருந்தார். விற்றால் இந்த முறை தோட்டம் தரிசு. நட்டால்... கிண்டும்போது என்ன விலையோ? ஒப்பந்தம் பற்றி ஏதாவது தெரியட்டும் என்று இரண்டு கிழமையாகக் காத்திருந்தார்.

நான் முதல் கோரிக்கையைத் தட்டினேன்: 'வரைவைத் தமிழில் எங்களுக்குக் காட்டுங்கள்.'

"இதென்ன கெஞ்சிற மாதிரி?" என்றார் சிவம் அண்ணை. அழித்தேன். 'முழுமையாக எதிர்க்கிறோம்.' வாசிக்காமலா? அதையும் அழித்தேன். எழுந்து நடந்தேன். திரும்ப வந்து இருந்தேன்.

கீபோர்டில் ஒரு வெங்காயச் சருகு விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன் — பிடியின் நடுவில் பச்சையாக ஒரு முனை.

"ஐயோ, முளைக்கத் தொடங்கீட்டுது!" அக்கா கதிரையை இழுத்துப் போட்டு ஏறினார். ஒவ்வொரு பிடியாகத் திருப்பினார். ஒன்றல்ல, எல்லாமே. "இனி இதை ஆர் கறிக்கு வாங்கப் போகினம்? நாளைக்கே நடுறன்."

"விலை விழுந்தா அக்கா?"

"விழுந்தா, அண்டைக்குப் பாப்பம். இதுக்கு மேல வைச்சிருக்க ஏலாது. நீர் மனுவை முடிச்சுத் தாரும்."

நாடுகள் ஆண்டுக்கணக்கில் பேசலாம். வெங்காயத்தின் உறக்கம் சில மாதம்தான். பேச்சுவார்த்தை மேசையில் அதை அறிந்தவர் யாராவது இருப்பாரா?

இன்றைய நிலை: வரைவை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அன்று அழித்த இரண்டு வரியையும் மனுவில் போட்டு அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. யோகா அக்காவின் வெங்காயம் மண்ணுக்குள்.