பக்கத்து ஸ்ட்ரெச்சரின் படம்

காலை ஏழு நாற்பதுக்கு என் கணவரின் வலது கையிலிருந்து தோசைத் துண்டு நழுவித் தட்டில் விழுந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் சொல்ல வந்த அவர் நாக்கு குழறியது. நான் இருபத்தாறு வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவள். எது நடந்தாலும் முதலில் மணி பார்ப்பேன். அன்றும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. லுங்கியை மாற்றிப் பேண்ட் போட்டுவிட்டேன். தேய்த்த சட்டை தேடினேன். பிறகு சர்க்கரை ஃபைல், காப்பீட்டு அட்டை, ஆதார் ஜெராக்ஸ். எங்கள் வீட்டில் யாரும் லுங்கியோடு ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. உடுப்பைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள் என்பது கூலி வேலை செய்த காலத்திலேயே எங்கள் குடும்பம் கற்றுக்கொண்டது. கூடுவாஞ்சேரியிலிருந்து கார் கிளம்பும்போது எட்டேகால். சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே பத்து நிமிடம் நின்றோம்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை வாசலில் எங்களுக்கு முன்னால் இன்னொரு ஸ்ட்ரெச்சர் இருந்தது. மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்து மீனவர். ஈர லுங்கி, முழங்காலெல்லாம் மணல். படகைக் கரையேற்றும்போது ஐந்தரை மணிக்கு விழுந்தாராம்.

"வாயுன்னு நெனச்சி சோடா வாங்கி குட்த்துக்கினு, கைகாலத் தேச்சிக்கினு இருந்துட்டோம்க்கா" என்றாள் அவர் மனைவி. "உங்காளுக்கும் இதேவா?"

மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மருத்துவ இணைப்புக்கு நானே திருத்திய கட்டுரை ஒன்றில் அது இருந்தது. மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். எங்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவர்களுக்கு மூன்றரைக்கு மேல். ஊசி கிடைத்தால் எங்களுக்குத்தான் கிடைக்கும் என்று தோன்றியது. அதில் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது.

அரை மணி கழித்து டாக்டர் என்னை ஸ்கேன் படம் தெரிந்த கணினித் திரைக்கு அருகில் அழைத்தார்.

"நேரம் இருக்கும்மா. படம்தான் ஒத்துவரல."

மூளையின் இடது பக்கத்தில் பெரும்பகுதி மங்கியிருந்தது. அது ஏற்கெனவே போய்விட்ட இடம். ஊசி போட்டால் அங்கே ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்து என்றார். மணியை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஏழு நாற்பது என்றேன்.

பக்கத்துத் திரையில் அந்த மீனவரின் படம். அதில் இடதுக்கும் வலதுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிறம். அங்கே இன்னும் எதுவும் போய்விடவில்லை, ஊசி அவருக்குப் போடலாம் என்றார் டாக்டர்.

"அவரு எங்களுக்கு முன்னாடியே விழுந்தவரு, டாக்டர்."

"சிலருக்குப் பக்கவாட்டுல சின்னச் சின்ன ரத்தக்குழாய் நல்லா இருக்கும். கொஞ்ச நேரம் அதுவே தாங்கிக்கும். எல்லாருக்கும் அப்படி இருக்கறதில்ல."

"சட்டை மாத்தாம வந்திருந்தா?"

"சொல்ல முடியாதும்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சோடா கொடுத்தவளுக்கு ஊசி, மணி குறித்தவளுக்கு மாத்திரை. கண்ணுக்குத் தெரியாத, முடிபோன்ற குழாய்களின் மீது, அதுவும் முன்பின் அறியாத ஒருவரின் தலைக்குள் இருப்பவற்றின் மீது, இவ்வளவு பொறாமை வரும் என்று நான் நினைத்ததில்லை. மதியத்துக்குள் அந்த மனிதர் விரல்களை மடக்கினார். "எங்கடி என் செல்லு?" என்று மனைவியை அதட்டினார். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பிசியோதெரபி வரிசையில் அவர்களைப் பார்த்தேன். அவர் மாத்திரை வாங்க வந்திருந்தார். மறுபடி கடலுக்குப் போகிறாராம். என் கணவர் அதுவரை மீட்டிருந்தது "ம்", "வா" என்ற இரண்டு சொற்களை மட்டுமே. அவர் நன்றாகப் பேசுகிறாரா என்று அவளிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்குக் கேக்குற போ. வாயே மூட மாட்றாருக்கா" என்றாள் அவள். "காலீல எந்திரிச்சா ராத்திரி வரிக்கும் கத்திக்கினே கீறாரு. உன் வூட்டுக்காரரு எவ்ளோ அமைதியா குந்தினு கீறாரு, பாரு."

"மாத்திக்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "ஐய, இன்னாக்கா நீ" என்றபடி கணவரின் கையைப் பிடித்து எழுப்பி அடுத்த பெஞ்சுக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்தும் அவர் ஏதோ உரக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.