சலவை அறைக்கு வந்த காற்று

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, திருப்பதியில் நான் மேலாளராக இருக்கும் லாட்ஜில், ஒரு யாத்ரீகக் குடும்பத்துக்கு அறைச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். சலவை அறை முனியம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். "சார், மிஷின்காரரு பூட்டாரு. வேலைக்குப் போய்க்கினு இருந்தாராம், வரதய்யபாளையம் பஸ்டாண்டுல நெஞ்சு வலியாம்" என்றார். சாவுச் செய்தி கேட்டும், சாவியைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, லிப்ட் எங்கே என்று காட்டி அனுப்பிவிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன். அந்த அளவுக்கு மரத்துப் போயிருக்கிறேன்.

மிஷின்காரர் என்று முனியம்மா சொன்னது ஏகாம்பரம் அண்ணனை. பிச்சாட்டூர்க்காரர். முப்பது ஆண்டுகளாகத் திருப்பதியில் பிரிட்ஜும் ஏசியும் பழுது பார்த்தவர். கோபக்காரர். வேலையில் இருக்கும்போது முதலாளியே கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டார். ஆனால் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால், பக்கத்தில் இருப்பவரிடம் "துன்னியா?" என்று கேட்காமல் ஒரு வாய் வைக்க மாட்டார்.

மலையில் மொட்டை போட்டுவிட்டு வருகிறவர்கள் எங்கள் லாட்ஜில் முதலில் கேட்பது வாடகையை அல்ல, சுடுதண்ணீர் வருமா என்பதைத்தான். உப்புத் தண்ணீரில் கெய்சர்கள் மாதம் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன் முதலாளி ஹீட் பம்ப் வாங்கினார். பொருத்த வந்தவர் அண்ணன்.

"ஹீட்டர் கம்பி எங்கேண்ணா?" என்று கேட்டேன்.

"கம்பி கிடையாது சார். பிரிட்ஜு பின்னாடி கை வெச்சிப் பாத்துகிறியா? சுடும். உள்ள இருக்கற சூட்ட எடுத்து வெளிய வுடுது. இது காத்துல இருக்கற சூட்ட எடுத்து தண்ணியில வுடுது. கரண்டு சூடு பண்ணல, சூட்ட சுமந்துகினு போவுது. கூலியாளு மாதிரி."

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து, ஒரு காகிதத்தில் வளையம் போட்டுக் காட்டினார். குழாய்க்குள் ஒரு திரவம். சாதாரணக் காற்றின் வெதுவெதுப்பிலேயே கொதித்து ஆவியாகிவிடும். விசிறி காற்றை இழுத்து அந்தக் குழாய்மேல் விட, காற்றின் சூட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்ரஸர் அந்த ஆவியை நெருக்கும். "சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு அடியில சுடும்ல, அத்தே தான்." நெருக்கியதில் நன்றாகச் சூடேறி, தொட்டியைச் சுற்றி ஓடி, சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகும். ஒரு சிறு துளை வழியாகப் போய்க் குளிர்ந்து, பழையபடி காற்றிடம் வரும். சூட்டைப் பறிகொடுத்த காற்று சில்லென்று வெளியே போகும்.

அந்தச் சில்லென்ற காற்றை வீணாக்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. எங்கள் சலவை அறையில் நான்கு பெண்கள் நாள் முழுதும் போர்வை தேய்ப்பார்கள். கோடையில் உள்ளே கால் வைக்க முடியாது. மிஷினை அதற்குப் பக்கத்து அறையில் வைத்து, இரண்டு தகரக் குழாய்கள் போட்டார். ஒன்று சலவை அறையின் சூட்டை இழுத்தது. மற்றொன்று குளிர்ந்த காற்றை அங்கேயே திருப்பி விட்டது. முதல் நாள் முனியம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டுக் குழாய்க்குக் கீழே முகத்தைத் தூக்கி நின்றார். "அவங்களுக்கு வாணாத சூடு, நமக்கு வேணும். ரெண்டு பேருக்கும் வேல ஆவுது சார்" என்றார் அண்ணன். கொதிக்கும் அறையிலிருந்து இழுத்ததால் தண்ணீரும் சீக்கிரம் சுட்டது.

சென்ற மே மாதம், ஒரு போர்வைக் கறைக்காகத் திட்ட முதலாளி சலவை அறைக்குள் போனார். வெளியே வந்து என்னிடம் கேட்டது, "இவங்களுக்கு ஏசியா?" என்று. இரண்டு குழாய்களையும் தன் கண்ணாடி அறைக்குத் திருப்பச் சொன்னார். அண்ணன் முடியாது என்றார். நான் தகர வேலைக்காரரை வரவழைத்தேன். கூட நின்று திருப்பியதும் நான்தான்.

கேள்விப்பட்டு வந்த அண்ணன் முதலாளியிடமே சொன்னார்: "மூடின ரூம்பு சார் இது. இருக்கற சூட்ட கொஞ்ச நேரத்துல எடுத்துடும். அப்பறம் மிஷினு எங்க போயி சூட்டுக்குப் பிச்ச எடுக்கும்?" முதலாளி சிரித்தார்.

பத்து நாளில் அறைகளில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வந்தது. யாத்ரீகர்கள் கத்தினார்கள். முதலாளி எல்லோரையும் கூட்டி, "எவரி தப்பு இதி?" என்று தெலுங்கில் கேட்டார். யார் தப்பு என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன். அன்று மாலை, அவர் சொல்லச் சொல்ல, மிஷினைப் பொருத்தியவரின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது லாட்ஜுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போனது. ஐம்பது வயதில் வேலையை விட்டுச் சித்தூருக்குத் திரும்பிப் போய் என்ன செய்வது என்ற பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அண்ணன் அந்தக் கடிதத்தை என் மேசைமுன் நின்று இரண்டு முறை படித்தார். "எழுத்து அழகா கீது சார்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அதன்பின் எந்த லாட்ஜும் அவரைக் கூப்பிடவில்லை. ஐம்பத்தாறு வயதில் வரதய்யபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போனார். இங்கே புதிதாக வந்த மெக்கானிக் இரண்டு குழாய்களையும் கழற்றி வீசினார். மறுநாளே தண்ணீர் கொதித்தது. முதலாளி அவருக்குச் சால்வை போர்த்தினார். அதற்குள் மழை தொடங்கிவிட்டதால், தன் அறையில் குளிர்ந்த காற்று நின்றுபோனதை முதலாளி கவனிக்கவே இல்லை.

பிச்சாட்டூர்ச் சாவு வீட்டுக்கு முதலாளியின் மாலையை நான்தான் சுமந்துகொண்டு போனேன். அண்ணனின் மனைவி தேவகி அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க அங்கியே இருந்தவரு. அந்த மிஷினு இவரு தப்பாலயா கெட்டுது? எல்லாரும் அப்டித்தான் பேசிக்கினு கிறாங்க. கடைசி வரிக்கும் இவரு வாயே தொறக்கல. எம் மவளுக்கு நான் இன்னான்னு சொல்றது?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்றேன். அண்ணன் உயிரோடு இருந்தபோது என் வாயில் வராத உண்மை, பிணத்தின் முன்னாலும் வரவில்லை.

தேவகி அம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில் இது. மிஷினில் குறை இல்லை. பொருத்தியதில் குறை இல்லை. குழாயைத் திருப்பச் சொன்னவர் முதலாளி, திருப்பியவன் நான், பழியை எழுதியவனும் நான். உங்கள் மகளிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். அந்தக் கடிதம் போன அதே குழுவில் இந்த உண்மையையும் இன்று காலை எழுதிப் போட்டுவிட்டேன். முதலாளி இரண்டு முறை போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

பிறகு சலவை அறைக்குப் போனேன். அண்ணன் குழாய் விட்ட ஓட்டையில் யாரோ கோணிச் சாக்கைச் செருகியிருந்தார்கள். முனியம்மா வியர்வை சொட்டத் தேய்த்துக்கொண்டிருந்தார். "அவரு வெச்சிட்டுப் போனாரு. நீ தானே சார் புடுங்கின" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே.

ஆமாம், முனியம்மா. போய் வாருங்கள், அண்ணா. மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இந்த முறையும் கையெழுத்து என்னுடையதுதான்.