வரிசையின் கடைசி ஆள்

எங்கள் மலையில் ஒரு கொல்லைக்கும் அடுத்த கொல்லைக்கும் நடுவில் ஓடை இருக்கும். சாமை கதிர் பிடிக்கிற காலத்தில் பரண் மேல் உட்கார்ந்து கிளி விரட்டுவோம். இந்தப் பரணில் நான், ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பரணில் இன்னொருத்தி. "இன்னாடி கொழம்பு உங்க வூட்ல" என்று அவள் அங்கிருந்து கேட்பாள். நான் இங்கிருந்து சொல்வேன். மாடு கன்று போட்டது, மாமியார் திட்டியது, எல்லாக் கதையும் ஓடைக்கு மேலேயே போகும், வரும். அவளையே சந்தையில் எதிரெதிராகப் பார்த்தால் இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மலைப் பெண்கள் பலரும் அப்படித்தான். எனக்கு அது கொஞ்சம் அதிகம். தூரம் இருந்தால் வாய் வரும். கிட்டே வந்தால் போய்விடும்.

இதை முதலில் சொல்லிவிட்டால்தான் நான் சீன பாஷை படித்த கதை புரியும். புதூர்நாட்டுப் பக்கத்தில் அஞ்சாவது வரைக்கும் படித்தவள் சீனம் படித்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நானும் இதுவரை யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. எழுதுவதென்றால் எழுத வருகிறது.

கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாளிலேயே என் வீட்டுக்காரர் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஏன் என்று கேட்டார்கள். "இவளோட குடித்தனம் பண்றது சுவத்தோட பண்ற மாதிரி இருக்குது. வாயே தொறக்க மாட்டேன்றா" என்றார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. மலையை விட்டு இறங்கி ஒடுகத்தூரில் ஒரு டிபன் கடையில் மாவு ஆட்டப் போனேன். அங்கேயே தோசை சுடப் பழகினேன். என் தோசை நன்றாக வரும். கடைக்காரரின் தம்பி சிங்கப்பூரில் கடை வைத்திருந்தார், அவருக்குத் தோசைக் கல்லுக்கு ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் எழுபதுகள் முடிகிற சமயத்தில் நான் கடல் தாண்டினேன்.

அங்கே ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், நடுவில் மேசை நாற்காலி. சுற்றிலும் அடுக்கு மாடி வீடுகள். வந்து சாப்பிடுகிறவர்களில் முக்கால்வாசி சீனர்கள். முதலாளியின் சம்சாரம் முன்னால், தட்டு எடுத்து வைக்கிற பலகையோடு நின்று அவர்களிடம் பேசுவார். அவரை அக்கா என்று கூப்பிடுவேன். நான் பின்னால் கல்லோடு இருப்பேன். அந்த ஏற்பாடு எனக்கு ரொம்ப வசதி. அக்கா முழுகாமல் இருந்தபோதுதான் வந்தது வினை.

"தீபாவளி வரைக்கும் இவ நிப்பா" என்றார் முதலாளி. "அதுக்கப்புறம் முன்னால நிக்க சீனம் பேசற ஆள் வேணும். இந்தப் பலகைக்குப் பின்னால என்னையும் சேத்து ரெண்டு பேருக்குத்தான் இடம். நீ கத்துக்கினா நீயே நில்லு. இல்லன்னா தோசையும் போட்டு பேசவும் பேசற ஆளை வெச்சிக்கிறேன். நீ ஊருக்குப் போய்ட்டு வா."

"போய்ட்டு வான்னா போனதுதான். அப்புறம் எங்க வர்றது?" என்றார் அக்கா.

"நான் இன்னா பண்ணட்டும்? இதுங்கிட்ட தமிழே வாங்க முடியல. சீனம் எங்க இருந்து வாங்கறது?"

அவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வாய் இல்லாததால் மலையை விட்டு வந்தேன். வாய் இல்லாததாலேயே மறுபடி மலை ஏறினால், என் வீட்டுக்காரர் ஊர் நடுவில் சொன்ன பேச்சு உண்மையாகிவிடும். அது மட்டும் கூடாது என்று நினைத்தேன்.

பக்கத்திலேயே ஒரு சமூக மன்றத்தில் சீனம் சொல்லிக் கொடுத்தார்கள். அக்காதான் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார். முதலில் வந்த வாத்தியார் ஒல்லியான இளைஞர். மத்தியானம் வகுப்பு. காலையும் மத்தியானமும் வியாபாரம் பார்த்து, பாத்திரம் கழுவி, வகுப்புக்குப் போய்வந்து, பொழுது சாய்ந்ததும் மாவு ஆட்டுவேன். அவர் கரும்பலகையில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் போடுவார். அந்த எழுத்து எனக்குத் தெரியாது. கோலத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்வேன். அவர் வந்து பார்த்துவிட்டு, எழுத்து அழகாக இருக்கிறது என்று தலையாட்டுவார். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் பேசவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று. சீனம்தான் வரவில்லை.

அப்புறம் அவருக்கு வேறு எங்கோ வேலை மாறிப்போனது. அவர் இடத்துக்கு ஒரு டீச்சர் வந்தார். முடியைக் காது வரை வெட்டியிருப்பார், சட்டைப் பையில் எப்போதும் ஒரு கைக்குட்டை இருக்கும். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர். அதனால் வகுப்பு விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாறியது. என் நாள் முழுக்க அதோடு மாறியது. மாவை மத்தியானமே ஆட்ட வேண்டியதாயிற்று. அந்த ஊர் உஷ்ணத்தில் காலையில் பார்த்தால் மாவு பொங்கி, குண்டான் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்.

"சீனம் படிக்கப் போய் மாவைப் புளிக்க வெச்சிட்டா. தோசையைக் கடிக்கறவன் மூஞ்சியப் பாரு, ஒத்தக் கண்ணு மூடிக்குது" என்றார் முதலாளி.

மாவு குண்டானை ஐஸ் கட்டிமேல் வைத்தால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. ஐஸ் எதிர்வரிசையில் கூல்டிரிங்ஸ் விற்கும் சீனரிடம் இருந்தது. அவரிடம் போய்க் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

வகுப்பில் அதைவிடக் கஷ்டம். புது டீச்சர் கரும்பலகைப் பக்கமே போக மாட்டார். ஒவ்வொருவரையும் எழுப்பி, முகத்துக்கு முகம் நின்று, சொல்லு என்பார். என் முறை வந்தால் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உட்காரவும் விட மாட்டார், அப்படியே காத்திருப்பார். வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு தமிழ் அம்மா இருந்தார். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, அந்த ஊரிலேயே பிறந்தவர். ஒரு நாள் டீச்சர் அவரிடம் ஏதோ கேட்டார்.

"ஏன் பேச மாட்டேங்கிறன்னு டீச்சர் கேக்குறாங்க. கோவம் இல்லையாம். சும்மா தெரிஞ்சிக்கத்தானாம்."

"கிட்ட நின்னா பேச வராதுங்க" என்றேன்.

"அப்ப எங்க நின்னா வரும்?"

"தூரத்துல நின்னா வருங்க. எங்க ஊர்ல கொல்லைக்குக் கொல்லை பேசுவோம்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே சீனத்தில் சொன்னார். வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வா என்று சைகை காட்டி வெளியே நடந்தார். மன்றத்துக்குப் பின்னால் பூப்பந்து ஆடுகிற மைதானம் இருந்தது. என்னை ஒரு கோடியில் நிறுத்தினார். அந்தக் கோடி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி நின்றார். அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"நீ ஹாவ்!"

சௌக்கியமா என்று கேட்கிற பேச்சு அது. வகுப்பில் எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்றைக்குத்தான் அது குரலாக என் காதில் விழுந்தது. அந்தப் பரணிலிருந்து இந்தப் பரணுக்கு வருகிற மாதிரி வந்தது. பதில் கொடுக்க வேண்டும். ஆனால் டீச்சரைப் பார்த்து எப்படி நீ என்று சொல்வது? அதனால், "நீங்க ஹாவ்!" என்று கத்தினேன்.

ஆஸ்பத்திரி அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவு சிரிப்பு. விஷயம் தெரிந்தபிறகு டீச்சரும் சிரித்தார். பெரியவர்களுக்கு என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது, அது "நின்" என்று சொல்லிக்கொடுத்தார். "நின் ஹாவ்!" என்றேன். மைதானம் முழுக்கக் கேட்டது. என் குரல் அவ்வளவு பெரியது என்று அந்த ஊரில் அதுவரை யாருக்கும் தெரியாது, முதலாளி உள்பட.

அதன்பிறகு தினமும் வகுப்பு முடிந்ததும் கொஞ்ச நேரம் மைதானம். சீனத்தில் ஒரு சொல்லை நீட்டிச் சொன்னால் ஒன்று, ஏற்றிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் வேறொன்று. மற்றவர்கள் அதற்குத்தான் திண்டாடினார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூப்பாடு வைத்துக்கொண்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவளைக் கூப்பிட நீட்டுவோம். இருக்கிறாயா என்று கேட்க ஏற்றுவோம். பன்றியை விரட்ட வெட்டி இறக்குவோம். டீச்சர் அந்தக் கோடியிலிருந்து கையைத் தூக்கினால் சரி. கையைக் குறுக்கே வீசினால் மறுபடி.

மறுவாரமே எங்கள் கடையிலிருந்து, நடுவில் இருந்த மேசைகளையெல்லாம் தாண்டி, எதிர்வரிசைக்குக் குரல் கொடுத்தேன். "பிங்!" ஐஸுக்கு அதுதான் சொல். ஓடைக்கு அப்பால் கூப்பிடுகிற அதே நீட்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கூல்டிரிங்ஸ்காரர் எழுந்து பார்த்தார். ஒரு பெரிய கட்டியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். போகும்போது அவரும் "பிங்" என்று என்னைப் போலவே நீட்டிக்கொண்டு போனார். மாவு அதோடு புளிக்காமல் நின்றது.

தீபாவளி போனது. அக்கா வீட்டில் தங்கிவிட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கல்லை முன்பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டு பலகைக்கு நேராக நின்றேன். முதலாளி பின்னால் சட்னி அரைத்துக்கொண்டே என்னைப் பார்த்தபடி இருந்தார். வரிசை நீண்டுவிட்டது. முதல் ஆள் பலகைமேல் இரண்டு கையையும் ஊன்றி என் முகத்தையே பார்த்தார். அவர் மூச்சு என்மேல் பட்டது. எல்லாம் போய்விட்டது. மைதானத்தில் சொன்ன அத்தனையும் போய்விட்டது. அவர் ஏதோ கேட்டார், நான் கல்லைப் பார்த்தேன். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வருகிற சத்தம் கேட்டது.

அவர் வந்துவிட்டால் முடிந்தது. அது தெரிந்துதான் தலையை நிமிர்த்தினேன். முன்னால் நின்றவரின் தலைக்கு மேலே, வரிசையின் கடைசியில், பேப்பர் படித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற தூரம்.

"ஜி க?" என்று கூப்பிட்டேன். எத்தனை என்று கேட்பது அது.

பெரியவர் பேப்பரை இறக்கினார். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, தன்னைத்தான் கேட்கிறேன் என்று தெரிந்ததும், "லியாங் க!" என்று திருப்பிக் கத்தினார். இரண்டு. காரச் சட்னியா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அவருக்கு முன்னால் நின்ற பெண்ணைக் கேட்டேன். அப்படியே கடைசியிலிருந்து ஒவ்வொருவராக முன்னால் வந்தேன். கேட்டுக்கொண்டே கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தேன். முதல் ஆள் முறை வருவதற்குள் அவருக்கே விஷயம் புரிந்துவிட்டது. நான் கேட்காமலே தனக்கு வேண்டியதைச் சொன்னார். அவர் தட்டை முதலில் வைத்தேன். அடுத்தடுத்து வந்தவர்களுக்கு நிற்கிற வேலையே இல்லை, வந்ததும் தட்டு தயாராக இருந்தது.

"இன்னா இது, வாலைப் புடிச்சி மாட்ட ஓட்டற மாதிரி?" என்றார் முதலாளி.

"மாடு போவுதில்லீங்க?" என்றேன். அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் வரிசையைப் பார்த்தார், காலியாகிக்கொண்டிருந்த குண்டானைப் பார்த்தார். "போவுது, போவுது. ஓட்டு" என்று சொல்லிவிட்டு சட்னி அரைக்கப் போய்விட்டார். மறுநாள் வீட்டில் அக்காவிடம், முன்னால் நிற்க ஆள் தேட வேண்டியதில்லை என்று சொன்னாராம். அதன்பிறகு எத்தனையோ வருஷம் அந்தப் பலகைக்குப் பின்னால் நான்தான் நின்றேன். வரிசையின் கடைசி ஆளைத்தான் முதலில் கேட்பேன். அந்தக் கடைக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய ஆட்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் தலையை நிமிர்த்திப் பார்த்தால் வரிசையின் கடைசியில் டீச்சர் நிற்கிறார். வேண்டுமென்றேதான் அங்கே நின்றார். எத்தனை என்று கேட்டேன். அவர் கையைக் குறுக்கே வீசினார். கேட்ட குரலில் ஏற்ற இறக்கம் போதவில்லையாம். மொத்த வரிசையும் திரும்பி அவரைப் பார்த்தது, அப்புறம் என்னைப் பார்த்தது. மறுபடி கேட்டேன். மறுபடியும் வீசினார். மூன்றாம் தடவை வயிற்றிலிருந்து கூப்பிட்டேன். கையைத் தூக்கினார். "யி க!" என்றார். ஒன்று.

அவர் பலகைக்கு வந்ததும் எனக்குப் பழையபடி வாய் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு தட்டை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, அந்தக் கூரைக்கு அடியிலேயே கடைசியாக இருந்த மேசைக்குப் போய் உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்து, ருசியாக இருக்கிறது என்று சீனத்தில் குரல் கொடுத்தார்.

இன்னொன்று போடட்டுமா என்று இங்கிருந்து நான் கேட்டேன். நின் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். டீச்சருக்குக் கேட்டது. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் கேட்டது.