வண்டிக்கா வலிக்குது?

கல்யாணமான இரண்டாவது கோடையில், மதுரையிலிருந்து தஞ்சாவூர் வரை மோட்டார் சைக்கிளிலேயே போய் வரலாம் என்றார் என் கணவர். வண்டி என் அப்பா சீராகக் கொடுத்தது. பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் கம்பி வலையைப் புறப்படும் முன் கழற்றிவிட்டார். அது இருந்தால் வண்டி பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். "முந்தானைய இழுத்துச் சொருகிக்க, போதும்" என்றார்.

திருமயம் கோட்டை, சித்தன்னவாசல், பெரிய கோயில் எல்லாம் நன்றாகவே பார்த்தோம். எங்கே நிறுத்தினாலும் நிழல் முதலில் வண்டிக்குத்தான்.

திரும்பும்போது, மேலூர் வருவதற்குள் அனல்காற்றில் முந்தானை அவிழ்ந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கொதிக்கும் தார் ரோட்டில் கிடந்தேன். அவர் எழுந்ததும் வண்டியை நிமிர்த்தினார். சேலை இன்னும் இறுகி என்னை இழுத்தது. "டேங்க் நசுங்கிப் போச்சே" என்று தடவிப் பார்த்தார்.

கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். "ஏய்யா, வண்டிக்கா வலிக்குது? புள்ளையத் தூக்குய்யா!" என்று கத்திய ஓர் அக்காதான் சேலையைக் கிழித்து என்னை விடுவித்து, தன் தலைத்துண்டை என்மேல் போர்த்தினார்.

முறிந்த என் கை எலும்பு கூடிவிட்டது. டேங்க்குக்கும் புதுப் பெயிண்ட் அடித்தாயிற்று. கம்பி வலையை நானே நின்று மாட்ட வைத்தேன். ஆனாலும் வெளியூர் என்றால் இப்போது எனக்கு பஸ்தான்.

இந்தக் கோடையில் குற்றாலம் போக அவர் வண்டியைத் துடைத்தபோது, "நீங்க வண்டியில போங்க, நான் பஸ்ல வாரேன்" என்றேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

"அதுவும் சரிதான், வண்டிக்கும் பாரம் குறையும்" என்றார்.